ஏத்தன் குலைக்கு எந்த வரி?

பயப்படுவதற்கு ஆபேலுக்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. மார்த்தாண்டத்தில் சந்தைக்குப் போகிற ரோட்டில் அவருக்குச் சின்னதாக ஒரு குடைக்கடை. வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால், அது கொரியர் கொண்டுவருகிற பையனாகவே இருந்தாலும், ஆபேல் எழுந்து நின்றுவிடுவார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் மனைவி நேசபாயிடம் நீட்டிவிட்டு, பேசி முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஐம்பது வயதுக்குள் அவர் ஒருவரை எதிர்த்துப் பேசியதாக அவர் ஊரான மாங்காட்டுவிளையில் யாருக்கும் ஓர்மை இல்லை.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் இந்த மனிதர் காணாமல் போவார். சபையில் அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் மைக் அவர் கைக்கு வரும். அதன்பிறகு ஆபேல் போதகரைக் கேலி செய்வார், பணக்காரரைச் சீண்டுவார், சேவல் கூவினால் அதற்குப் பதில் கூவுவார். ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்து குவித்த தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, கோழி, முட்டை, வாழைக்குலை எல்லாவற்றையும் லேலம் விளித்து, அதாவது ஏலம் போட்டு, விற்று, சபைக்குச் சேர்த்துக் கொடுப்பார். இருபது வருஷமாக அவர்தான் விளிக்கிறார்.

அந்த லேலத்தின் நியாயம் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்காது. ஒரு குலையை எழுநூறு ரூபாய்க்கு எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார். “சபைக்கே இருக்கட்டு” என்று பெருந்தன்மையாக மேசையில் திருப்பி வைத்துவிடுவார். ஆபேல் அதை மறுபடியும் விளிப்பார். அடுத்தவர் எடுப்பார், அவரும் திருப்பி வைப்பார். இப்படி ஒரே குலை ஐந்தாறு தடவை விலைபோகும். பாறசாலையிலிருந்து வந்த மருமகன்மார் கேரளத்து கௌரவத்தைக் காப்பாற்ற விளிப்பார்கள். துபாயிலும் தோஹாவிலும் இருக்கிறவர்கள் போனில் விளிப்பார்கள். கர்த்தருக்குக் கொடுத்தோம் என்பதைவிட, எதிர் வீட்டுக்காரனைவிட நூறு ரூபாய் கூடக் கொடுத்தோம் என்கிறபோதுதான் பரலோகம் கொஞ்சம் கிட்டத்தில் வந்த மாதிரி இருக்கும்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. பண்டிகை ஆகஸ்ட் கடைசியில். இடையிலே ஞானசிகாமணி சார் இருந்தார்.

சார் சபையின் செயலர். அரசாங்கத்தில் ஏதோ ஒரு கணக்குப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான், தொண்டை இன்னும் பணியில் இருந்தது. மழை வருகிறது என்பதையும் ‘கவனத்தில் கொள்ளவும்’ என்று சேர்த்துத்தான் சொல்லுவார். அப்படிப்பட்டவர் நாட்டில் ஒரு புதிய வரி வந்திருக்கும்போது சும்மா இருந்தால் நாட்டுக்குத்தான் மரியாதைக் குறைவு. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு, சபை மண்டபத்தில், ‘ஜி.எஸ்.டி. குறித்த பொதுமக்கள் கருத்தறியும் கூட்டம்’ ஒன்றைக் கூட்டினார். சாருடைய கருத்தைப் பொதுமக்கள் அறிந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு.

“வாங்குகவன், விக்குகவன், ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்குகவன், மூணு பேரும் சட்டத்துக்கு உள்ளதான்,” என்று சார் ஆரம்பித்தார். “நம்ம பண்டிகையையே எடுத்துக்கிடுங்க. லேலம்னா விற்பனை. விற்பனைன்னா வரி. திருப்பிக் குடுத்து மறுபடியும் விளிச்சா ரெண்டாவது விற்பனை. அஞ்சு தடவ விளிச்சா அஞ்சு தடவ வரி.”

ரப்பர் பால் வெட்டுகிற சகாயம் பின்பெஞ்சிலிருந்து எழுந்தார். “சார், அது கர்த்தருக்குக் குடுத்த குலையில்லா? அதுக்குமா?”

“கர்த்தருக்கு ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கா?”

மண்டபம் யோசித்தது.

“இல்ல,” என்றார் சார், கர்த்தரின் ஆவணங்களைத் தானே சரிபார்த்த தோரணையில். “நம்பர் இல்லாதவருட்ட இருந்து சரக்கு வந்தா, நம்பர் உள்ளவன்தான் வரி கட்டணும். அதுக்குப் பேரு ரிவர்ஸ் சார்ஜ்.”

அது என்னவென்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. கண்டக்டர் இல்லாத பஸ் ஒன்று பின்பக்கமாக நம்மை நோக்கி வருவதுபோல ஏதோ ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது.

“நம்ம சபையில நம்பர் எடுத்தவரு யாரு உண்டு?” என்று சார் கேட்டார்.

பெஞ்சுகள் முனகின. மண்டபத்தில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பி ஆபேலைப் பார்த்தன. குடை சப்ளை செய்கிற கம்பெனிக்காரன் நம்பர் இல்லாவிட்டால் சரக்கு தரமாட்டேன் என்று சொன்னதால், ஜூலை முதல் வாரமே ஓடிப்போய் நம்பர் எடுத்தவர் அவர். பதினைந்து இலக்கம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தார். பயந்துபோய் மாட்டியதுதான், பார்க்கிறவர்கள் பெருமை என்று நினைத்துக்கொண்டார்கள்.

“அதுலயும் கவனத்தில் கொள்ளவும்,” சார் விரலை உயர்த்தினார். “உள்ளூர்க்காரரு விளிச்சா வரியில பாதி டெல்லிக்கு, பாதி சென்னைக்கு. பாறசாலை மருமகன் விளிச்சா அது வேற மாநிலம், ஐ.ஜி.எஸ்.டி. கல்ஃபுல இருந்து போன்ல விளிச்சா…” சார் நிறுத்தினார். அவருக்கே அடுத்தது தெரியவில்லை என்பதைப் பக்கத்தில் இருந்தவர்கள் கவனித்திருக்கலாம். “அது தனி அத்தியாயம்.”

ஆபேல் எழுந்தார். கூட்டத்தில் அவர் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை. “சார், பிடிச்சா ஜாமீன் உண்டா?”

“அது மனுஷனைப் பொறுத்தது,” என்று சார் கருணையோடு சொன்னார்.

பிறகு பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டது. சாருக்குப் பக்கத்தில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்ததால், எழுந்தவர்கள் எல்லோரும் நல்ல சட்டம், நாடு முன்னேறும் என்றார்கள். மண்டபத்துப் படி இறங்கி, செருப்பைப் போட்டபிறகு, அதே ஆட்கள் அதே சட்டத்தின் தாயையும் தகப்பனையும் விசாரித்தார்கள். கருத்து ஒருமனதாக இருந்தது. செருப்பு போடுவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று.

ஆபேலுக்கு அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

“நீங்க விளிக்காண்டாம்,” என்றாள் நேசபாய். “தொண்ட கெட்டுப்போச்சுன்னு சொல்லிருங்க.”

“போன வருஷம் காய்ச்சலோட நின்னு விளிச்சேன். இந்த வருஷம் தொண்டைன்னு சொன்னா நம்புவாவளா? ஏன் ஒளியுகான், என்னமோ உண்டுன்னு நினைப்பாவ. அது இன்னும் மோசம்.”

“பின்ன விளிங்க.”

“விளிச்சா நம்பரைப் பூட்டிருவானுவ. நம்பரைப் பூட்டுனா கடையப் பூட்டுன மாதிரிதான். நம்ம பிள்ள பிரீனாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் காலேஜு கெடக்கு. இந்தக் கடைய விட்டா நமக்கு என்னட்டி இருக்கு?”

நேசபாய் சோற்றை மூடி வைத்தாள். அவளுக்கும் பயம் பிடித்துவிட்டது என்பதை மூடி விழுந்த சத்தத்திலேயே ஆபேல் தெரிந்துகொண்டார்.

கடையில் இருந்தாலும் நிம்மதி இல்லை. பக்கத்துப் பாத்திரக்கடைப் பகவதியப்பன் அபிப்பிராயங்களை மொத்தமாக வாங்கி வைத்திருப்பவர். காலையில் வரியை ஆதரிப்பார். பதினொரு மணிக்குச் சப்ளையர் போன் வந்ததும் எதிர்ப்பார். சாயங்காலம் டீ குடிக்கும்போது, சட்டம் நல்லது, ஆட்கள்தான் சரியில்லை என்று நடுவில் வந்து நிற்பார்.

“வேய், உமக்க அபிப்பிராயம் என்ன?” என்று கேட்டார்.

“எனக்கு ஒரு அபிப்பிராயமும் இல்ல.”

“கொள்ளாம். அதை அப்படியே வச்சுக்கிடும். இனி அபிப்பிராயத்துக்கும் வரி வரும்.”

பகவதியப்பன் சிரித்தார். ஆபேல் அதையும் மனசில் குறித்துக்கொண்டார்.

கடைசியில் ஆடிட்டர் ராஜகுமாரிடம் போனார். ஆடிட்டர் ஆபீஸ் வாசலில் செருப்புகள், உள்ளே சாவு வீட்டுக்கு வந்ததுபோலக் கைகட்டி உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள். ஆபேல் முறை வந்ததும், சபை, லேலம், குலை எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் ஒப்பித்தார்.

“வாழைக்குலைக்கு வரி இல்லியே,” என்றார் ஆடிட்டர்.

ஆபேலுக்கு உடம்பில் ரத்தம் ஓடுவது தெரிந்தது.

“ஆனா…” என்றார் ஆடிட்டர். அதற்குள் போன் வந்தது. யாரிடமோ நெடுநேரம் கெஞ்சிப் பேசிவிட்டு வைத்தார். எதிரே இருக்கிறவர் எதற்கு வந்தார் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

“ஆனான்னு சொன்னீங்க சார்.”

“ஆனான்னா சொன்னேன்? ம்… குலைக்கு வரி இல்ல. ஆனா விளிக்கது ஒரு சேவையாட்டு வருமா, வராதா? எனக்குத் தெரியாது. இப்ப ஒருத்தருக்கும் தெரியாது. உள்ளதைச் சொல்லுகேன், யாருட்டயும் போயிக் கேட்டுராதீங்க. கேட்டா நாமளே போயி டார்ச் அடிச்சுக் காட்டுன மாதிரி ஆவும்.”

ஆபேல் தெருவுக்கு வந்தார். கேட்கக்கூடாது என்று தெரியாமல் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டோமே என்று புதிதாக ஒரு பயம் கூட வந்தது. வாசலில் உட்கார்ந்திருந்தவர்களில் யார் காதிலெல்லாம் விழுந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே பஸ் ஏறினார்.

போதகரிடமும் ஒரு தடவை போய்ப் பார்த்தார். இந்த வருஷம் வேறு யாரையாவது விளிக்கச் சொல்லலாமா என்றார். போதகர் அவர் தோளில் கைவைத்து, “கர்த்தர் பாத்துக்கிடுவாரு ஆபேல்,” என்றார். கர்த்தருக்கு நம்பர் இல்லை என்பது ஆபேலுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

பண்டிகை வந்தது. ஓணத்துக்கு ஒரு வாரம் இருந்ததால் ஏத்தன் என்கிற நேந்திர வாழைக்குலைக்கு வெளியே நெருப்பு விலை. மேசையில் நாலைந்து நல்ல குலைகள் மஞ்சள் பிடித்து நின்றன. பருவம் தப்பி யாருடைய மரத்திலோ ஒளிந்து கிடந்த ஒரு பலாச் சக்கையும் வந்திருந்தது. ஓலைப்பெட்டியில் முட்டை, காலைக் கட்டிய கோழிகள், ஒரு மூட்டை தேங்காய். பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இளவட்டங்களின் கையில் போன்கள். கல்ஃபில் இருக்கிறவர்களுக்காக லேலத்தை அப்படியே காட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தைய வருஷங்களில் அந்தப் போன்களைப் பார்த்து ஆபேல் மீசையைத் தடவிக் காட்டுவார். இன்றைக்கு ஒவ்வொரு போனும் அவருக்குச் சாட்சிக்கூண்டில் ஏறப்போகிற ஆளாகத் தெரிந்தது.

மைக் வழுக்கியது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சக்கையை விளித்தார். முதல் பொருளை எப்போதும் சார்தான் எடுப்பார், அது வழக்கம். சார் விலை சொன்னார், மரியாதைக்கு இரண்டு பேர் ஏற்றினார்கள், சார் முடித்தார். பிறகு எழுந்து வந்தார். மேசையில் திருப்பி வைத்து, நாலு வார்த்தை பேசுவார் என்று ஜனம் காத்திருந்தது. சார் சக்கையை ஆள் வைத்துத் தூக்கிக் காரின் டிக்கியில் ஏற்றினார்.

“சட்டத்தை நாமதான் முதல்ல மதிக்கணும்,” என்று கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். “திருப்பிக் குடுத்தா ரெண்டாவது வரி. சபைக்கு எதுக்கு வீண் பாரம்?”

அடுத்து கோழி. எடுத்தவர் கோழியோடு நடந்தார். அடுத்து முட்டை. பெட்டியோடு போயிற்று. தேங்காய் மூட்டை ஆட்டோவில் ஏறியது. எடுத்தவர்கள் எல்லோரும் “பயமாட்டு இருக்கு, என்ன செய்ய?” என்று சொல்லிக்கொண்டே பொருளைக் கக்கத்தில் இடுக்கினார்கள்.

பயந்தவன் முகம் எப்படி இருக்கும் என்பது ஆபேலுக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான். இவர்கள் முகம் அப்படி இல்லை. இவர்கள் முகம் ஓசிக் கல்யாணச் சாப்பாட்டில் இரண்டாவது பாயசம் கிடைத்தவர்களின் முகமாக இருந்தது. ஒரே குலைக்கு ஐந்து பேர் காசு கொடுக்கிற கஷ்டத்திலிருந்து தங்களை யாராவது காப்பாற்றமாட்டார்களா என்று இத்தனை வருஷமாக ஜெபித்திருப்பார்கள் போல. டெல்லியிலிருந்து பதில் வந்துவிட்டது.

இத்தனை பேருக்கு நடுவில் தான் ஒருவர்தான் உண்மையாகவே பயந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது ஆபேலுக்குப் பயம் இன்னும் கூடியது. கூட்டத்தோடு பயப்படுவது ஒரு மாதிரி. தனியாகப் பயப்படுவது வேறே மாதிரி. எப்படியோ, ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் விளிக்க வேண்டியிருக்கிறது. இப்படியே சீக்கிரம் முடிந்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம்.

ஏத்தன் குலையை ஷிபா எடுத்தாள். ரியாத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறவள். நாலு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் லீவில் வந்திருந்தாள். ஆபேல் குலையை அவளிடம் தூக்கி நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“அங்கேயே வையுங்க மாமா. சபைக்கு இருக்கட்டு. திருப்பி விளிங்க.”

ஆபேல் குலையைப் பிடித்தபடி நின்றார்.

சார் நாற்காலியை விட்டு எழுந்தார். “ஆபேல், கவனத்தில் கொள்ளவும். இது ரெண்டாவது விற்பனை. நான் அன்னைக்கே சொல்லியாச்சு.”

“என்ன விற்பனை?” என்றாள் ஷிபா. “நாலு வருஷமா ஆஸ்பத்திரி டூட்டி ரூம்ல ஒளிஞ்சிருந்து போன்ல விளிச்சேன். ஒரு தடவ கையால தொட்டுத் திருப்பிக் குடுக்கணும்னு ஆசைப்பட்டு வந்தேன். விளிக்க மாட்டீங்கன்னா மைக்கத் தாங்க மாமா, நானே விளிக்கேன்.”

இதைவிட நல்ல வாய்ப்பு வராது. அவளிடம் கொடுத்துவிட்டால் விளித்தது அவள், பிடிபட்டால் அவள், கடை தப்பித்தது. ஆபேல் மைக்கை நீட்டவே செய்தார். அவருடைய மூச்சு மைக்கில் ஏறி, பந்தல் முழுக்க மாடு இரைப்பது மாதிரி கேட்டது.

அந்த நேரம் பார்த்து, பாறசாலை மருமகன் ஒருத்தர், தமிழ்நாட்டுக்காரர்கள் தயங்குவதைக் கண்டு உற்சாகமாகி, “ஆயிரம்!” என்றார்.

ஆபேல் தீர்மானம் எதுவும் செய்யவில்லை. இருபது வருஷமாக ஒரு விலை காதில் விழுந்தால் பதில் சொல்லிப் பழகிய வாய், எறும்பு கடித்த இடத்துக்குக் கை போவது மாதிரி, தானே போய்விட்டது. “ஆயிரம் கேரளத்துக்கு! மாங்காட்டுவிளைக்கு வாயடைச்சுப் போச்சா? ஏத்தன் குலைய எல்லை தாண்டி விட்டுட்டு எல்லாரும் ஓணம் பாக்கப் போறீயளா?”

பந்தல் சிரித்தது. ‘ஐ.ஜி.எஸ்.டி.’ என்றது ஆபேலின் வயிறு.

“ஆயிரத்து நூறு!” சகாயம்.

“பால்வெட்டு முதலாளி நூறு ஏத்துகாரு!” என்றது வாய். பாதி டெல்லிக்கு, பாதி சென்னைக்கு என்றது வயிறு. மருமகன் ஏற்றினார், எடுத்தார், மேசையில் திருப்பி வைத்தார். கேரளத்துக்காரன் திருப்பி வைத்தபிறகு நம்மூர்க்காரன் எப்படி வீட்டுக்குக் கொண்டுபோக முடியும்? அடுத்தவர் எடுத்தார், வைத்தார். கோழியோடு போனவர் வழியில் இதைக் கேள்விப்பட்டுக் கோழியோடு திரும்பி வந்தார். வாய் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மனசுக்குள்ளேயோ ஒரு வெள்ளை ஜீப் கடை முன்னால் வந்து நின்று, ஷட்டரில் தாள் ஒட்டி, அரக்கு உருக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை குலை மேசைக்கு வரும்போதும் அரக்கு இன்னொரு சொட்டு விழுந்தது. நிறுத்த வேண்டும் என்று நினைத்தார். நிறுத்துவதற்கும் வாய்தானே வேண்டும்?

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஜெபகனி எழுந்தாள். ஞானசிகாமணி சாருடைய மனைவி. கையில் போன், போனில் மஸ்கட், மஸ்கட்டில் மகன் பிரபின்.

“ஆபேலு! எனக்க பிள்ள மூவாயிரம் சொல்லுகான்!”

“ஜெபகனி, போன வையி!” என்று சார் கத்தினார்.

“பிள்ள அங்க வெயில்ல கெடந்து சம்பாதிக்கான். அவனுக்க சபைக்கு அவன் குடுக்கான். நீங்க உங்க சக்கைய வச்சுக்கிட்டு சும்ம இருங்க.”

பந்தல் ஊ என்று கூவியது. ஆபேலின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றுவிட்டது. உள்நாடு அவருக்கு ஓரளவு பழகிவிட்டது, கேரளத்தைக்கூட மென்று விழுங்கிவிட்டார். ஆனால் இது கடல் தாண்டி வந்தது. இது தனி அத்தியாயம். அந்த அத்தியாயத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் பத்தடி தூரத்தில் நின்றார்.

ஆபேலுக்குக் கால் நடுங்கியது. மைக் வாய்க்கு நேராக இருப்பதை மறந்தே போனார்.

“சார்,” என்றார். “இது மஸ்கட்டு. உங்க வீட்டுப் போனு. குலை மாங்காட்டுவிளை. இதுக்கு எந்த வரி சார்? இம்போட்டா, எக்ஸ்போட்டா? எங்க கட்டணும்? டெல்லிக்கா, சென்னைக்கா, மஸ்கட்டு ராசாவுக்கா?”

பந்தல் வெடித்தது. பெண்கள் பக்கத்தில் ஜெபகனி போனைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். போனுக்குள் பிரபின் சிரித்தான். போதகர் திரும்பி நின்று சிரித்தார். யாரோ விசில் அடித்தார்கள்.

“நான் கட்டுகேன் சார்,” என்று ஆபேல் அந்த இரைச்சலுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். “கட்டமாட்டேன்னு சொல்லல்ல. எங்கன்னு மட்டும் சொல்லுங்க சார்…”

ஒருவர் காதிலும் அது விழவில்லை. சார் வாயைத் திறந்தார், மூடினார். ‘கவனத்தில்’ என்று மட்டும் ஏதோ கேட்டது. பிறகு காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். டிக்கியில் பழுத்த சக்கையை வைத்துக்கொண்டு, ஜன்னலும் மூடின காரில், மனுஷன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தார் என்று தெரியவில்லை.

லேலம் மத்தியானம் தாண்டியும் நடந்தது. முடிந்தபிறகு ஆட்கள் வந்து ஆபேலின் முதுகில் தட்டினார்கள்.

“என்னா கேள்வி மக்கா! சாருக்க மூஞ்சியப் பாக்கணுமே!”

“அதுக்குப் பதில் என்ன?” என்று ஆபேல் கேட்டார்.

அதற்கும் சிரித்தார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தார். பொதுமக்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நேசபாய் மட்டும் சிரிக்கவில்லை. “வாங்க போவோம்,” என்றாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து, வெளியே தொங்கவிட வேண்டிய குடைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். பகவதியப்பன் ஓடிவந்தார்.

“வேய், சரியான ஆளாக்கும் நீரு! வாழைத்தண்டு மாதிரி இருந்துக்கிட்டு இந்தப் போடு போட்டிருக்கீரே!”

போனை நீட்டினார். சபைப் பையன் அபினேஷ் எடுத்த வீடியோ. யார் யாரோ கைமாற்றி, மேலே சிவப்பு எழுத்தில் தலைப்பு போட்டிருந்தார்கள்: ‘ஜி.எஸ்.டி.யைக் கிழித்துத் தொங்கவிட்ட குமரி வியாபாரி! மத்திய அரசுக்குச் சரமாரிக் கேள்வி!’ மஸ்கட் ராசாவோடு வீடியோ முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆபேல் கெஞ்சியது எதுவும் அதில் இல்லை.

“இது அரசுட்ட கேட்டது இல்ல வேய். ஞானசிகாமணி சாருட்ட கேட்டது.”

“அப்பிடித்தான் சொல்லணும். நாளைக்கு யாரும் வந்தா இதையே சொல்லும்.” பகவதியப்பன் கண்ணடித்தார்.

“யாரு வருவா?”

“வருவாவ. இப்ப நீருதான் பொதுமக்கள் கருத்து.”

ரோட்டில் போன ஒரு லோடு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். குடை வாங்க வந்த ஒருவர், ஆபேலையும் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய நம்பரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமலே இறங்கினார். வெள்ளைச் சட்டை. எங்கிருந்து வந்தவர் என்று ஆபேல் எட்டிப் பார்ப்பதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டார். மேசையில் போன் அடித்தது. தெரியாத எண். நீட்டுவதற்கு நேசபாய் பக்கத்தில் இல்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

“எடும்,” என்றார் பகவதியப்பன். “டி.வி.க்காரனாட்டு இருக்கும். கருத்து கேப்பான்.”

ஆபேல் எடுக்கவில்லை. பகவதியப்பன் வீடியோவை மறுபடியும் ஓட விட்டார். போனுக்குள் ஒரு மனிதன் மைக்கைப் பிடித்து, கண்ணை உருட்டி, பெரிய மனுஷனை நேருக்கு நேர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கால் நடுங்கியது வீடியோவில் வரவில்லை. அபினேஷ் இடுப்புக்கு மேலேதான் எடுத்திருந்தான். பயமே அறியாத முகம். எதையும் சொல்லத் துணிந்த வாய். வீட்டையும் குடும்பத்தையும் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருப்பானா இவன்? இப்படிப்பட்டவர்களைக் கண்டால் ஆபேல் எப்போதும் ரோட்டின் எதிர்ப்பக்கம் மாறி நடப்பதுதான் வழக்கம்.

“நிறுத்தும் வேய்,” என்றார்.

“ஏன்? நல்லாத்தானே பேசுகான்.”

“அவன் பேசிட்டுப் போயிருவான். கடை எனக்க பேருலயில்லா கெடக்கு.”